கண்மை மீசையும் ஒரு சர்வாதிகாரியும்

எங்கள் தாத்தா வீட்டில் சிரிப்பு என்பது சமையலறைக்குள்ளேயே செலவாக வேண்டிய சரக்கு. கூடத்தில் அதற்கு அனுமதி கிடையாது.

கூடத்தில் தாத்தா சாய்வு நாற்காலியில் வீற்றிருப்பார். ரிடையராகிப் பல வருஷமான பிறகும் அவருக்குத் தாம் தலைமையாசிரியர் என்பது மறக்கவில்லை. நாங்கள் மாணவர்கள் என்பதும் மறக்கவில்லை. அவர் ஒரு கனைப்புக் கனைத்தால் போதும், வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருக்கும் பையன்கள் முதல் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் வரை எல்லாரும் ஒரு வினாடி அப்படியே நின்றுவிடுவார்கள். காபி ஆறியிருந்தால் ஒரு கனைப்பு. பத்திரிகை கசங்கியிருந்தால் இரண்டு கனைப்பு.

அந்த வீட்டுக்கு மூன்றாவது மருமகளாக வந்தவள் என் சித்தி. ஒரு நாள் பிற்பகல், தாத்தா தூங்கிவிட்டார் என்ற தைரியத்தில், அவள் சமையலறையில் கண்மையை எடுத்து மேலுதட்டின் மேல் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். மணையைப் போட்டு அதில் சாய்ந்தவாறு உட்கார்ந்து ஒரு கனைப்புக் கனைத்தாள் பாருங்கள்! பாட்டி உள்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து வெந்நீர் கேட்பதற்காகத் தாத்தா நிலைப்படியில் வந்து நின்றார்.

சித்தியின் முகத்தில் மீசை. கையில் துண்டு. ஓடவும் வழியில்லை. தாத்தா அவளை ஒரு பார்வை பார்த்தார். வெந்நீரை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அதற்கப்புறம் தாத்தா மாறிவிட்டார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவர் ஒன்றும் மாறவில்லை. கனைப்புகள் பழைய கணக்குப்படியே வந்துகொண்டிருந்தன. மாறினது நாங்கள்தான். அந்தக் கனைப்பு கேட்டதும் எங்களுக்கு முதலில் கண்மை மீசை ஞாபகத்துக்கு வரும். பயம் அதற்குப் பின்னால்தான் வரும். சில நாள் வராமலே போய்விடுவதும் உண்டு.

இதை இவ்வளவு விஸ்தாரமாக ஏன் சொல்கிறேன் என்றால், சென்ற மாதம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கியிருந்தாள். ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, “ஏதாவது சிரிப்புப் படமாகப் போடேன்டா” என்றாள். சார்லி சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தைப் போட்டேன். 1940-ம் வருஷத்துப் படம். மீசையைப் பார்த்ததும் சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சித்தியைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

நேயர்களே, அந்த மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1889-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 16-ந் தேதி இங்கிலாந்தில் ஓர் ஏழை நாடகக்காரக் குடும்பத்தில் சாப்ளின் பிறந்தார். சரியாக நாலு நாள் கழித்து, 20-ந் தேதி, ஆஸ்திரியாவின் எல்லையோரத்து ஊர் ஒன்றில் ஹிட்லர் பிறந்தார். சாப்ளின் 1914-ல் ஒரு சின்ன மீசையை ஒட்டிக்கொண்டு, தொளதொளத்த கால்சட்டையும் கைத்தடியுமாக சினிமாவில் நுழைந்தார். உலகம் முழுவதும் சிரித்தது. இன்னொருவர் ஏறக்குறைய அதே அளவு மீசையை வளர்த்துக்கொண்டு 1933-ல் ஜெர்மனியின் ஆட்சியைப் பிடித்தார். உலகம் முழுவதும் நடுங்கியது. மீசையை முதலில் வைத்துக்கொண்டவர் தாமே, அதைத் திரும்பக் கேட்கத் தமக்குப் பாத்தியதை உண்டு என்று சாப்ளினுக்குத் தோன்றியிருந்தால் அதில் தப்பு என்ன?

கதை ஒன்றும் சிக்கலில்லை. நம் நாடகங்களில் எத்தனையோ தடவை பார்த்த ஆள் மாறாட்டந்தான். டோமேனியா என்று ஒரு தேசம். அதன் சர்வாதிகாரியின் பெயர் ஹிங்கெல். அதே தேசத்தில், யூதர்கள் அடைபட்டு வாழும் சேரியில், ஒரு நாவிதன். இருவரும் ஒரே அச்சு. இருவரும் சாப்ளினே. ஹிங்கெலுக்குக் கொடி உண்டு. அதில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் இரண்டு பெருக்கல் குறிகள். ஆங்கிலத்தில் ‘டபிள் கிராஸ்’ என்றால் கூட இருந்தே குழி பறிப்பது என்று அர்த்தம். பக்கத்துத் தேசமான பாக்டீரியாவில் நாபலோனி என்று இன்னொரு சர்வாதிகாரி. அவர் யார் என்று இத்தாலிக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹிங்கெலுக்கு ஒரு மந்திரி. அவர் பெயரை உச்சரித்தால் ஆங்கிலத்தில் குப்பை என்று காதில் விழும்.

சாப்ளின் முழுக்க முழுக்க வாய் திறந்து பேசிய முதல் படம் இதுதான். பேசும் படங்கள் 1927-லேயே வந்துவிட்டன. ஊரெல்லாம் பேசினபோதும் இந்த மனிதர் மாத்திரம் பிடிவாதமாக ஊமைப் படமே எடுத்துக்கொண்டிருந்தார். 1936-ல் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் ஒரு பாட்டுப் பாடினார். அதற்கும் எந்தப் பாஷையிலும் அர்த்தம் கிடையாது. அப்படிப்பட்டவர் கடைசியில் வாயைத் திறந்தாரே, என்ன பேசினார் தெரியுமா? மறுபடியும் அர்த்தமில்லாத பேச்சு!

ஹிங்கெல் மேடையில் ஏறிப் பிரசங்கம் செய்கிறார். ஜெர்மன் பாஷை மாதிரி இருக்கிறது. ஆனால் ஜெர்மன் அல்ல. கடித்துத் துப்புகிறார், இருமுகிறார், செருமுகிறார், கர்ஜிக்கிறார். நடு நடுவே ஏதோ தின்பண்டத்தின் பெயர் மாதிரியும் கேட்கிறது. அவருடைய உறுமலைத் தாங்க முடியாமல் எதிரே இருக்கும் ஒலிபெருக்கியே முதுகை வளைத்துக்கொண்டு பின்வாங்குகிறது. யூதர்களைப் பற்றி வந்ததும் முகம் பன்றி மூஞ்சியாக மாறி, ஒரு நிமிஷம் விஷத்தைக் கக்குகிறார். ரேடியோவில் அதை மொழிபெயர்த்துச் சொல்லும் ஆசாமியோ, தலைவர் இப்போது யூத மக்களைக் குறிப்பிட்டார் என்று சாவதானமாக ஒரே வரியில் முடித்துவிடுகிறார்!

சித்தி இந்த இடத்தில் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளரை நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கர்ஜிக்கிறவன் ஒருவன்தான். அந்தக் கர்ஜனையை வழவழவென்று தேய்த்து, கேட்கிறவர் காதில் உறுத்தாமல் ஊற்றிக் கொடுக்கிற கனவான்கள் எத்தனை பேர் வேண்டியிருக்கிறது! படத்தில் அந்த ஆசாமிக்கு முகம்கூடக் கிடையாது, குரல் மாத்திரந்தான்.

பிரசங்கம் முடிந்து இறங்குகிற தலைவரிடம் தாய்மார்கள் குழந்தைகளை நீட்டுகிறார்கள். புகைப்படத்துக்காகக் குழந்தையை அணைத்துக்கொள்கிறார். அந்தப் பொல்லாத குழந்தை அவர் கையை நனைத்துவிடுகிறது. உலகத்தை ஆளப் பிறந்தவர் கையை உதறிக்கொண்டு நிற்கிறார். குழந்தைக்குச் சர்வாதிகாரி தெரியுமா, சமையற்காரர் தெரியுமா?

ஹிங்கெலின் அரண்மனையில் நடக்கும் அட்டகாசத்தையெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் போதாது. தபால் உறையை ஒட்டுவதற்காக நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பதற்கென்றே ஒரு சேவகன். அடுத்த அறையில் ஓர் ஓவியரும் ஒரு சிற்பியும் தயாராகக் காத்திருப்பார்கள். தலைவர் ஓடிவந்து இரண்டு வினாடி விறைப்பாக நிற்பார், உடனே ஓடிவிடுவார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு காட்சி வருகிறது. இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்தக் காட்சியின் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள்.

ஹிங்கெல் தன் அறையில் தனியாக இருக்கிறார். பூகோள உருண்டை ஒன்றைக் கையில் எடுக்கிறார். அது உண்மையில் ஒரு பெரிய பலூன். வாக்னரின் சங்கீதம் மெல்ல எழுகிறது. விரல் நுனியில் உலகத்தைச் சுழற்றுகிறார், தலையால் தட்டுகிறார், மேஜை மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு காலால் உதைக்கிறார், சீ, பின்பக்கத்தாலும் ஒரு தட்டு! இத்தனையும் ஒரு நாட்டியக்காரியின் லாகவத்தோடு. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியதும் அந்த அழகுதான். கடைசியில் இறுகக் கட்டிப் பிடிக்கப் போகிறார். பட்டென்று முகத்தில் வெடிக்கிறது. கந்தலைக் கையில் பிடித்துக்கொண்டு பொம்மை உடைந்த பிள்ளையைப் போல விசும்புகிறார்.

இதற்கு அடுத்தாற்போலவே நாவிதன் கடை. ரேடியோவில் பிராம்ஸ் என்பவரின் ஹங்கேரிய நடன சங்கீதம் வருகிறது. அந்தத் தாளத்துக்கு ஒரு வாடிக்கைக்காரருக்குச் சவரம் செய்கிறான் நாவிதன். நுரை தடவுவதும் தாளம், கத்தி தீட்டுவதும் தாளம். இடையில் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்த காட்சி. அரண்மனையில் ஒரு நடனம், சலூனில் ஒரு நடனம். ஒருவன் உலகத்தையே உதைத்து உடைக்கிறான். இன்னொருவன் கத்தியைக் கழுத்தில் வைத்து ஒரு கீறல்கூட இல்லாமல் அனுப்பிவைக்கிறான்.

இந்த நாவிதனைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1918-ல், முதல் உலக யுத்தத்தின் கடைசியில், அவன் டோமேனியா ராணுவத்தில் சிப்பாய். அடிபட்டு ஞாபகம் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகக் கிடக்கிறான். அவன் கணக்குக்கு அது சில வாரந்தான். இதற்கிடையில் தேசம் ஹிங்கெல் கைக்குப் போனது, யூதர்கள் மனிதர்களே அல்ல என்று ஆனது, எதுவும் அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நழுவி வந்து, ஒட்டடை படிந்த தன் கடையைத் திறக்கிறான். வெளியே ஹிங்கெலின் படை ஆட்கள் கடைக் கண்ணாடியில் ‘யூதன்’ என்று வெள்ளைச் சாயத்தால் எழுதுகிறார்கள். நம் ஆள் ஒரு துணியைக் கொண்டுவந்து அதைத் துடைக்கிறான்!

தைரியசாலி என்று நினைத்துத் துடைக்கவில்லை. தன் கடைக் கண்ணாடியில் யாரோ அழுக்குப் பண்ணினால் துடைக்க வேண்டியதுதானே என்று துடைக்கிறான். தடுக்கிறவர்களை, இதென்ன அநியாயம் என்று தட்டிக் கேட்கிறான். அந்தத் தெருவில் மற்றவர்களெல்லாம் கதவை மூடிக்கொண்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள். அவர்கள் கோழைகள் அல்ல. பயப்படுவதற்கு அவர்களுக்குப் பாடம் நடந்திருக்கிறது. தினம் ஒரு பாடமாக, வருஷக்கணக்கில். இவன் ஒருவன்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தை இரண்டாந்தரம் போட்டுப் பார்த்தேன்.

உடனே மேல் மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை நீள்கிறது. அதில் இரும்பு வாணலி! படை ஆட்களின் மண்டையில் டங், டங் என்று விழுகிறது. கைக்குச் சொந்தக்காரி ஹானா என்ற அனாதைப் பெண். யுத்தத்தில் தகப்பனை இழந்தவள், உழைத்துப் பிழைப்பவள். தவறுதலாக ஓர் அடி நாவிதனுக்கும் விழுந்துவிடுகிறது. அவன் மயக்கத்தில் நடைபாதை நெடுக நாட்டியமாடிக்கொண்டே போகிறான். (வாணலியின் உபயோகம் நம் வீடுகளில் பொரியலோடு முடிந்துவிடுகிறது என்பதை எண்ணி இதை வாசிக்கும் கணவன்மார்கள் நிம்மதியடையலாம்.)

ஹானா வருகிற இடமெல்லாம் படம் நிமிர்ந்து உட்காருகிறது. அவளுடைய புட்டிங் காட்சியை மாத்திரம் சொல்லிவிடுகிறேன். ஹிங்கெலைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று ஷுல்ட்ஸ் என்ற உத்தியோகஸ்தன் சேரி ஆண்களைக் கூட்டி ரகசிய விருந்து வைக்கிறான். போகிறவன் உயிரோடு திரும்பமாட்டான். யார் போவது? ஒரு புட்டிங்கில் நாணயம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அது யாருக்கு வருகிறதோ அவன் தேசத்துக்காகப் பிராணத் தியாகம் செய்ய வேண்டும். தியாகத்தைப் பற்றி எல்லாரும் கம்பீரமாகப் பேசுகிறார்கள். ஆனால் புட்டிங் வந்ததும் முகங்களைப் பார்க்க வேண்டுமே! கரண்டியால் தொட்டுப் பார்ப்பதும், நாணயம் தட்டுப்பட்டால் பக்கத்து ஆளின் தட்டில் நைஸாகத் தள்ளுவதும்! நாவிதன் வேறு வழியில்லாமல் வந்த நாணயங்களையெல்லாம் விழுங்கிவிடுகிறான். விக்கல் எடுக்கிறது. விக்கலுக்கு விக்கல் வயிற்றுக்குள் கிணி கிணி என்று சத்தம்.

நாணயம் எப்படி இத்தனை வந்தது? சமையலறையில் ஹானா எல்லாப் புட்டிங்கிலும் ஒவ்வொன்று வைத்துவிட்டாள்! யாரோ ஒருவனைச் சாகக் கொடுத்து வீரம் பேசுகிற இந்த யோசனை அவளுக்குச் சம்மதமில்லை. கூடத்தில் தீர்மானம் போடப்பட்டது. சமையலறையில் அது ரத்து செய்யப்பட்டது. “பெண்பிள்ளை செய்கிற வேலைடா இது!” என்றாள் சித்தி, பரம திருப்தியோடு.

இன்னொரு விஷயம், இதைச் சிரிப்போடு கடந்துவிட முடியவில்லை. படத்தின் நடுவில் சேரியில் திடீரென்று அமைதி வந்துவிடுகிறது. படை ஆட்கள் கீழே விழுந்த ஹானாவைத் தூக்கிவிடுகிறார்கள், சிந்தின உருளைக்கிழங்கைப் பொறுக்கித் தருகிறார்கள். என்ன காரணம்? பக்கத்து நாடான ஆஸ்டர்லிச்சின் மேல் படையெடுக்க ஹிங்கெலுக்குப் பணம் வேண்டும். ஒரு யூத பாங்கு முதலாளியிடம் கடன் கேட்டிருக்கிறார். சேரி ஜனங்கள் தலைவருக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று மகிழ்ந்து போகிறார்கள். முதலாளி கடன் தர மறுக்கிறார். அன்று மாலையே கடைகள் எரிகின்றன. ஒரு தெரு ஜனங்களின் தூக்கம், அவர்கள் பார்த்தேயிராத ஒரு கடன் பத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இதெல்லாம் வெறும் கற்பனையா? ஆஸ்டர்லிச் என்பது ஆஸ்திரியா. 1938 மார்ச்சில் ஹிட்லர் அதை விழுங்கினார். அதே வருஷம் நவம்பரில் ஒரே இரவில் ஜெர்மனி எங்கும் யூதர்களின் கடைக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன, கோவில்கள் கொளுத்தப்பட்டன. சாப்ளின் அந்தச் சமயத்தில்தான் கதையை உருவாக்கிக்கொண்டிருந்தார். சாப்ளின் யூதர் அல்ல. நாஜிகள் அவரை யூதர் என்றே எழுதித் தூற்றினார்கள். அவரோ அதை மறுக்க மெனக்கெடவில்லை.

படம் எடுப்பதற்கு முன்னாலேயே எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. பிரிட்டிஷ் அரசாங்கம் ஹிட்லரைச் சமாதானப்படுத்தி வைக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். அந்நிய நாட்டுத் தலைவரைக் கேலி செய்யும் படத்தை இங்கிலாந்தில் காட்ட முடியாது என்றார்கள். அமெரிக்காவிலோ யுத்தமே நமக்கு வேண்டாம் என்ற பேச்சு. சாப்ளின் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். 1939 செப்டம்பர் 1-ந் தேதி ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தார். 3-ந் தேதி பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது. 9-ந் தேதி சாப்ளின் காமிராவை ஓட்டினார். 1940 அக்டோபரில் நியூயார்க்கில் படம் வெளியானது. டிசம்பரில், குண்டு மழைக்கு நடுவே, லண்டன்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். தடை செய்வோம் என்று சொன்ன அதே நாடு இப்போது படத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தது. சாப்ளின் படங்களில் இதற்கு மேல் வசூலானது எதுவும் இல்லை.

அமெரிக்காவில் 1941-ல் செனட்டின் துணைக் கமிட்டி ஒன்று, சினிமாக்காரர்கள் ஜனங்களிடம் யுத்த ஆசையைக் கிளப்புகிறார்களா என்று விசாரிக்கக் கிளம்பியது. அது கையில் வைத்திருந்த படங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. டிசம்பரில் பெர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டதும் விசாரணை காற்றில் போய்விட்டது.

இனிக் கடைசிக் காட்சிக்கு வருவோம். ஆள் மாறாட்டம் முற்றி, ஹிங்கெலை நாவிதன் என்று பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாவிதனை ஹிங்கெல் என்று நினைத்து, ஆஸ்டர்லிச்சை வென்ற மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள். ஒலிபெருக்கி. பேசியாக வேண்டும். தயங்கித் தயங்கி எழுந்து பேச ஆரம்பிக்கிறான். எனக்குச் சக்கரவர்த்தியாக இருக்க விருப்பமில்லை என்று தொடங்கி, மனிதனை மனிதன் நேசிப்பதைப் பற்றி, யந்திரம் பெருகி மனசு சுருங்கிப் போனதைப் பற்றி, சிப்பாய்களை ஆடுமாடு மாதிரி ஓட்டுகிறவர்களைப் பற்றி, மூன்று நிமிஷத்துக்கு மேல் நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். வர வர அது நாவிதனின் குரலாக இல்லை. சாப்ளினே வேஷத்தைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறார்.

இது படத்தைக் கெடுத்துவிட்டது என்று அன்றைக்கே பல விமர்சகர்கள் எழுதினார்கள். ஹாஸ்யக்காரருக்கு உபதேசம் எதற்கு என்றார்கள். கலை என்று பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உலக உருண்டை வெடித்தபோது சொல்லாமல் சொன்னதைவிட இந்தப் பிரசங்கம் அதிகமாக எதைச் சொல்லிவிட்டது? ஆனாலும் எனக்கு மனசு விமர்சகர்கள் பக்கம் சாய மறுக்கிறது. வீடு பற்றி எரியும்போது அழகாகக் கத்தவில்லையே என்று குறை சொல்வார்களா? பேசும் படம் வந்து 13 வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர் இதற்காக வாயைத் திறந்தார். அர்த்தமில்லாத கர்ஜனையோடு தொடங்கிய படம், அதே ஒலிபெருக்கி முன்னால், அர்த்தமுள்ள பேச்சோடு முடிகிறது. பின்னணியில் அதே வாக்னர் சங்கீதம்! ஹிங்கெல் உலகத்தோடு விளையாடியபோது வாசித்ததேதான்.

சிரித்துச் சர்வாதிகாரியை விரட்டிவிட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. படம் வெளியான பிறகு ஹிட்லர் இன்னும் நாலரை வருஷம் இருந்தார். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். படத்தில் ஒரு சிறை முகாம் வருகிறது; கைதிகள் வரிசையாக நடந்து வரிசையாகப் படுக்கிறார்கள், ஏதோ கண்டிப்பான விடுதி மாதிரி. அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சாப்ளினுக்கும் பிற்பாடு வரவில்லை. 1964-ல் வெளியான சுயசரிதையில் அவரே எழுதுகிறார்: அந்த முகாம்களில் உண்மையில் நடந்த பயங்கரம் அப்போது தெரிந்திருந்தால் இந்தப் படத்தைத் தம்மால் எடுத்திருக்கவே முடியாது, அந்தக் கொலை வெறியைக் கேலிப் பொருளாக்கியிருக்க முடியாது என்று.

இப்படி எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! ஆனால், தெரியாமல் எடுத்ததே நல்லதாயிற்று என்றுதான் நான் சொல்லுவேன். தெரிந்த பிறகு சிரிக்க முடியாது. சிரிக்க வேண்டிய காலமோ அதற்கு முன்னால். ஞாபகம் போன நாவிதனைப் போலச் சாப்ளினும் பயத்தின் பாடத்தை முழுக்கப் படிக்கவில்லை. அதனால்தான் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

சர்வாதிகாரிகள் அந்தச் சிரிப்பை எப்படி எடைபோட்டார்கள் என்பதற்கு ஸ்பெயின் தேசம் சாட்சி. ஹிட்லர் 1945-லேயே செத்தார். ஸ்பெயினில் ஜெனரல் பிராங்கோவின் ஆட்சி தொடர்ந்தது. அவர் உயிரோடு இருந்தவரை இந்தப் படம் அங்கே திரையைத் தொடவில்லை. 1975-ல் பிராங்கோ இறந்தார். 1976-ல் படம் வந்தது. பலூன் உடைகிற படத்துக்கு 36 வருஷம் பயந்திருக்கிறார்கள்! ஜெர்மனியிலேயே 1958-ல் காட்டிவிட்டார்கள்.

சாப்ளினுக்குக் கிடைத்த பரிசைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். ஐந்து ஆஸ்கார் பரிசுகளுக்குப் பெயர் சொல்லப்பட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை. போகட்டும். 1952-ல் அவர் குடும்பத்தோடு கப்பலில் லண்டன் போய்க்கொண்டிருந்தபோது, அமெரிக்க அரசாங்கம் அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை ரத்து செய்துவிட்டது. கம்யூனிஸ்டு அனுதாபி என்று சந்தேகமாம். சுதந்திர நாட்டிலும் கனைக்கிறவர்கள் உண்டு. ஸ்விட்ஸர்லாந்தில் குடியேறினார், 1972-ல், 82-வது வயதில், ஒரு கௌரவ ஆஸ்கார் வாங்குவதற்காகத்தான் அந்த மண்ணை மறுபடி மிதித்தார்.

சொல்ல மறந்தேனே, ஹானா என்பது சாப்ளினின் தாயாருடைய பெயர். லண்டன் மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவள். குரல் போயிற்று, பிழைப்புப் போயிற்று, பிறகு சித்தமும் கலங்கிற்று. ஏழு வயதில் சாப்ளின் அனாதைகளும் ஏழைகளும் அடைபடும் விடுதிக்குப் போக நேர்ந்தது. 1928-ல் அவள் காலமானாள். படத்தின் கடைசிப் பிரசங்கத்தில் உலகத்துக்கெல்லாம் பேசி முடித்த நாவிதன், முடிவில் ஒரே ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்: ஹானா, நான் பேசுவது கேட்கிறதா, நிமிர்ந்து பார் என்று. ஆஸ்டர்லிச்சுக்குத் தப்பி ஓடி, அங்கேயும் ஹிங்கெலின் படை வந்து அடித்துத் தள்ளியதால் தரையில் கிடக்கும் அந்தப் பெண், அழுத முகத்தை மெல்ல நிமிர்த்துகிறாள். காற்றில் தலைமயிர் பறக்கிறது. எதையோ கேட்கிற மாதிரி இருக்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்தது.

விளக்கைப் போட்டேன். சித்தி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததால் வந்த நீரா, மற்றதா என்று நான் கேட்கவில்லை.

சிறிது நேரம் கழித்து, “ஏண்டா, அந்த மேடையில் இருக்கிறவன் நாவிதன் என்று எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்களே? அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள்?” என்று கேட்டாள்.

“படம் அங்கேயே முடிந்துவிடுகிறது, சித்தி” என்றேன்.

“அது தெரிகிறது. அவள் என்ன ஆனாள் என்றுதானே கேட்டேன்?” என்றாள் சித்தி.